அறுத்த தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. எங்கள் குடும்பத்தில் கூட்டிச் சொல்கிற ஆள் நான் ஒருவன்தான். என் தாய்மாமன் மருதமுத்து அல்ல. நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள். பாதியில் கால் இரண்டையும் நாற்காலிமேல் தூக்கிக்கொள்வீர்கள், பாருங்கள்.

ஜப்பான்காரன் மலாயாவில், மலாக்காவிலிருந்து தம்பின் என்ற ஊருக்குப் போன ரயில் பாதையைப் பிடுங்கி, சயாம் காட்டில் போடக் கொண்டுபோன காலம். தண்டவாளத்தோடு ஆட்களையும் ஏற்றினான். அப்படிப் போனவன் மருதமுத்துவின் தம்பி சுந்தரம். மருதமுத்து ஊரறிந்த வயர்மேன். விரலால் தொட்டே பல்பை எரியவைப்பார் என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன்.

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் வெள்ளைக்காரன் ஒருவன் போட்டது போட்டபடி ஓடிய பங்களாவில், ஜப்பான் அதிகாரி குடியேறியிருந்தான். மாடியில் ஒரு மேசை. மேசையா அது? நாலு மாட்டுவண்டியை அவிழ்த்து நிறுத்தலாம். அதன்மேல் பொம்மை ரயில். மலை, பாலம், ஸ்டேஷன், கையளவு எஞ்சின் இரண்டு. ஒன்று வட்டப் பாதையில். மற்றது அதிலிருந்து பிரியும் ஓரப் பாதையில்.

கோளாறு இதுதான். இரண்டு பாதையும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. மின்சாரம் கொடுத்தால் இரண்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் கிளம்பி, முட்டிக் கவிழ்ந்தன.

"ஒண்ணு ஓடணும், ஒண்ணு நிக்கணும்," என்றான் அதிகாரி, அரைகுறை மலாயில். "செஞ்சு கொடு. தம்பி வருவான்."

அதற்குமேல் என்ன வேண்டும்? வேலையும் எளிது. ஓரப் பாதையின் தண்டவாளத்தில் ஒரு வெட்டு. அந்த இடுக்கில் மின்சாரம் பாயாத ஒரு துண்டு. அந்தப் பக்கம் செத்த பாதையாகிவிடும்.

துண்டுக்குத்தான் பஞ்சம். உப்பே கிடைக்காத ஊரில் எபோனைட் என்கிற கெட்டி ரப்பருக்கு எங்கே போவது? வீட்டில் சுந்தரத்தின் மாட்டுக்கொம்புச் சீப்பு இருந்தது. கொம்பிலும் மின்சாரம் பாயாது.

"ஊருக்குப் போனவரு சீப்பையா உடைக்கிறீங்க?" மாமாவின் மனைவி அஞ்சலை கையைப் பிடித்தாள். "அவரு வந்தா எதால சீவுவாரு?"

"வரட்டும்டி. தங்கத்துல வாங்கித் தரேன்."

"மரவள்ளிக்கிழங்குக்கே வழியக் காணோம். தங்கமாம், தங்கம்!"

சீப்பு ஒடிந்தது.

மறுநாள். பட்டப்பகல். சுவர்க் கடிகாரம், ஜப்பான்காரன் மாற்றிவைத்த தோக்கியோ நேரப்படி, மூன்று மணி காட்டியது. பங்களாவில் யாருமில்லை.

மின்சாரத்தை அணைத்துவிட்டுக் குனிந்தார். தண்டவாளம் சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த இரும்புபோல... காது அதில் பட்டது.

டொக்... டொக்...

இரும்பில் சம்மட்டி விழும் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை. காதை எடுத்தால் சத்தமில்லை. வைத்தால்...

டொக்.

ஓரப் பாதையில் ஒரு தண்டவாளத்தை அறுத்தார். கொம்புத் துண்டைச் செருகினார். மின்சாரம் கொடுத்தார். வட்டத்து எஞ்சின் ஓடியது. ஓரத்து எஞ்சின் அசையவில்லை. வேலை முடிந்தது. ஒரு வெட்டே போதும்.

ஆனால், தம்பி விஷயம் அல்லவா? இரண்டு தண்டவாளத்தையும் அறுத்துவிட்டால் கவலையே இல்லை.

மறுபடி அணைத்தார். இரண்டாவது தண்டவாளத்தில் காது வைத்தார். சம்மட்டி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவசரமாக. வெறி பிடித்ததுபோல.

அதையும் அறுத்தார். அடுத்த துண்டைச் செருகினார்.

சத்தம் நின்றது.

தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. சுந்தரத்தின் தலை வாசனை.

ஓரத்து எஞ்சின் நகர்ந்தது.

செத்த பாதையில்... மெதுவாக...

பிளக்கைப் பிடுங்கினார்.

எஞ்சின் நிற்கவில்லை.

வெட்டு வரை வந்தது. கொம்புத் துண்டில் நின்றது. பின்னால் போனது. மறுபடி வந்தது.

டிக்.

மறுபடி.

டிக்.

தாண்ட முடியவில்லை.

விரல் நீளக் கம்பி போதும், வெட்டைச் சேர்த்துவிட. கம்பி கையில் இருந்தது. கைதான் வரவில்லை.

படியில் பூட்ஸ் சத்தம்.

எஞ்சின் நின்றது.

அதிகாரி பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்த்தான். ஒன்று ஓடியது, ஒன்று நின்றது. "பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் மெச்சிக் கைதட்டினான். மருதமுத்து கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தம்பி வருவானே!

வரவில்லை. அதிகாரி மாற்றலாகிப் போனான். சண்டையும் முடிந்தது. சுந்தரத்தோடு ஏற்றப்பட்டுப் போன, பெண்டஹாரா சாலையில் துணி விற்றுக்கொண்டிருந்த யூனுஸ்தான் சயாமிலிருந்து திரும்பினான். எலும்பும் இரண்டு கண்ணுமாக.

"அங்க போட்டது நம்ம ஊர்த் தண்டவாளம் அண்ணே. சுந்தரம் சம்மட்டியால தட்டிட்டுக் காதை வெப்பான். 'இரும்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் கேக்குறாரு'ம்பான். நாங்க சிரிப்போம். அதுலதான் உசுரைப் புடிச்சு வெச்சிருந்தான்."

மருதமுத்து அவனுக்குத் தண்ணீர் மொண்டு வைத்தார்.

"ஒரு நாள் மத்தியானம் பேய் மாதிரி அடிச்சான். திடீர்னு சம்மட்டியைப் போட்டான். 'ரெண்டையும் அறுத்துட்டாரு'ன்னான். தண்டவாளத்து மேலயே நடந்தான். கொஞ்ச தூரம் போவான், எதுலயோ முட்டின மாதிரி நிப்பான், திரும்புவான். அடிச்சாங்க... அப்பவும் நடந்தான். பொழுது சாயறதுக்குள்ள போயிட்டான்."

யூனுஸ் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தான்.

"கடைசியா ஒண்ணு சொன்னான். எனக்கு இன்னும் வெளங்கல. 'வழியில என் சீப்பு கெடக்கு, தாண்ட முடியல'ன்னான்."

யூனுஸ் நிமிர்ந்து மருதமுத்துவைப் பார்த்தான்.

"அது என்ன சீப்பு, அண்ணே?"