வேலிக் கம்பில் முளைத்த கிண்ணங்கள்

மாமாவுக்கு முப்பது தாண்டியும் கல்யாணமாகாததற்கு அவருடைய காளான்கள்தான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. மாமா பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். பட்ட கம்பு, உளுத்த ஓலை, சருகு என்று எதைக் கண்டாலும் அதன் முன்னால் குந்திவிடுவார். செத்த செடிகளில் எள்ளளவும் கடுகளவுமாக முளைக்கிற காளான்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பெயர் கண்டுபிடிப்பதில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். பிடிபடாததைக் கோயம்புத்தூரில் இருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு அனுப்பிக் கேட்பார். ‘சுள்ளி பொறுக்கி வாத்தியார்’ என்று பேர் விழுந்த பிறகு யார் பெண் கொடுப்பார்கள்?

கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில், சிந்துபூந்துறையில், ஒரு குமாஸ்தா வீட்டிலிருந்து பெண் பார்க்க அழைப்பு வந்தது. இதுவும் தட்டிப்போனால் தம்பி தனிக்கட்டைதான் என்று அம்மா வண்டியிலேயே ஜெபம் செய்துகொண்டு வந்தாள். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆறும் பாலமும் வானமும் ஒரே பால் நிறத்தில் கிடந்தன. ஆறு வயதுக்காரியான எனக்கு, விழித்துக்கொண்டே தூக்கத்துக்குள் போகிற மாதிரி இருந்தது.

பெண்ணை அழைத்து வருவதற்குள் மாமாவைக் காணோம். கொல்லை வேலியில் பட்டுப்போயிருந்த முருங்கைக் கம்பின் முன்னால் கண்ணாடியும் கையுமாகக் குந்தியிருந்தார்.

“பொண்ணப் பாக்க வந்தவரு வெறகப் பாக்காரே!” என்றார் பெண்ணின் அப்பா. அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

மாமாவைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், நாங்கள் பார்க்க வந்த அக்காவே அடுக்களை வழியாக வந்து கம்புக்கு மறுபக்கம் குந்தியிருந்தாள். மிஷனில் லேஸ் பின்னக் கற்றவள். சேலைத் தலைப்பிலிருந்த குண்டூசியை எடுத்து, கம்பில் முளைத்திருந்த காளான் ஒன்றை மெதுவாக நிமிண்டினாள். பட்டையெங்கும் செம்மஞ்சள் நிறத்தில் கடுகளவு கிண்ணங்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு வானம்.

“இன்னும் முத்தல. உள்ள வித்து முத்தினாத்தான் பேரு சொல்ல முடியும். வெட்டிராதீங்க,” என்றார் மாமா.

“நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள் அக்கா. பெண் பார்த்தது அவ்வளவுதான்.

அந்த வீட்டிலிருந்து பதிலே வரவில்லை. அம்மா திட்டித் தீர்த்தாள். மாமாவுக்கு எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி. சனிக்கிழமையானால் போதும், “கம்பப் பாத்துட்டு வாரேன்” என்று என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு பாலம் தாண்டுவார். குமாஸ்தா முதலில் முறைத்தார். பிறகு கருப்பட்டிக் காப்பி வர ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை அக்கா குனிந்து கிண்ணங்களின் மேல் பைய ஊதினாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் அத்தனை கிண்ணங்களும் ஒன்றாகப் புகைவிட்டன. காப்பி ஆவியைவிட மெல்லிய வித்துப் புகை, வெயிலில் மிதந்து ஆற்றுப் பக்கமாகப் போனது. அவ்வளவு அழகான ஒன்றை இந்த வயது வரை நான் மறுபடி பார்க்கவில்லை.

“முத்திட்டு,” என்றாள் அக்கா.

மாமா சிட்டிகையளவு கொண்டுபோய்ச் சோதித்து, கோயம்புத்தூருக்கும் எழுதிக் கேட்டார். வாயில் நுழையாத பெயர் ஒன்று வந்து சேர்ந்தது. கார்த்திகை வெள்ளத்தில் வேலியே போய்விட்டது. மாமா மட்டும் போவதை நிறுத்தவில்லை.

“ஏட்டி, அந்தக் கம்புக்கு இன்னுமா பேரு கெடைக்கல?” என்று ஒருநாள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

பயத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். “பேரு எப்பமோ வந்துட்டும்மா. கம்பயும் வெள்ளம் கொண்டுபோயிட்டு. இப்பம் மாமா சும்மா வேலி இருந்த எடத்தத்தான் பாக்காரு. அந்த அக்காவும் அதத்தான் பாக்கா.”

அம்மா விறுவிறுவென்று பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, வண்டி பூட்டச் சொல்லிக் கத்தினாள். பொய் சொல்லி ஊர் சுற்றிய மாமாவை அந்த வீட்டு வாசலில் வைத்தே அவமானப்படுத்தப் போகிறாள் என்று எனக்கு உயிரே போய்விட்டது. வண்டிக்குக் குறுக்கே விழுந்து, போகக்கூடாது என்று கதறினேன். அம்மா சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி ஓரமாக விட்டாள். சண்டைக்குப் போகிறவள் எதற்கு வெற்றிலை பாக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போகிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.