இல்லாத பாவத்தைத் தேடி

என் மகள் இரண்டு வயது முடியும் முன்னே வாந்திபேதியில் போய்விட்டாள். ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல் முழுக்கக் குடத்தோடு தண்ணீருக்கு அலைந்த கோடை அது. எங்கள் தெருவில் வேறு வீடுகளிலும் பிள்ளைகள் போனார்கள். அங்கெல்லாம் கிணற்றைக் குறை சொன்னார்கள். எங்கள் வீட்டில் என்னைச் சொன்னார்கள்.

முதலில் சொன்னவர் என் கணவரின் அக்கா. சின்ன வயதிலேயே தாலியை இழந்து எங்களோடு இருந்தார். மதினி என்று கூப்பிடுவேன். பூசைக்குத் தவறாதவர், செபமாலை கையை விட்டு இறங்காது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய பக்திக்கு எப்போதும் ஒரு குற்றவாளி வேண்டும். சாவுக்குத் துட்டி கேட்க வந்த பெண்களிடம் என் காதுபடவே சொன்னார்: "எதையோ ஒளிச்சிருக்கா. ஒரு பாவத்த மறைச்சுட்டா, அதுக்கப்புறம் பண்ணுன பாவசங்கீர்த்தனம் அம்புட்டும் செல்லாதுல்ல? ஆண்டவரு சும்மா விடுவாரா?"

கத்தோலிக்கர்களான எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் என்பது கோவிலில் சாமியாரிடம், அதாவது பாதிரியாரிடம், பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது. ஒன்றை வேண்டுமென்றே மறைத்தால் வாங்கிய மன்னிப்பு நிற்காது என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சந்தேகம் வந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. புத்தி தெரிந்த நாளிலிருந்து வாழ்க்கை முழுவதையும் கிளறி, மொத்தமாகச் சொல்லிவிட வேண்டும். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தபசு காலத்தில் நீ அதைச் செய் என்று மதினி என்னைப் பிடித்துக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு நானே பாதி நம்பிவிட்டேன். ஆசிரியை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, என் பிள்ளையைக் கொன்ற பாவம் எது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். எழுதிக்கொண்டால் மறக்காது என்று ஒரு நோட்டை வாங்கி என் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவரால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

மதியம் வெஞ்சனச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுத உட்காருவேன். முதல் நற்கருணையான புது நன்மை வாங்கிய வயதிலிருந்து ஆரம்பித்தேன். கன்னியர் மடத்துத் தோட்டத்தில் கொய்யாப்பழம் திருடியது. தம்பி மேல் பழி போட்டது. கொய்யாப்பழத்தை எழுதும்போது சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடாகவே கிடந்த வீட்டில் சிரித்தேன். மதினி எட்டிப் பார்த்தார்.

"பாவத்த நெனச்சுச் சிரிக்கிறியா?"

"ஆமா மதினி. நல்ல பழம்."

அன்றைக்கு எனக்கு உடம்பில் கொஞ்சம் ரத்தம் ஓடியது போல இருந்தது. அதன்பின் பாவம் மட்டும் எழுதவில்லை. என்மேல் நடந்ததையும் எழுதினேன். இன்னார் இன்னது சொன்னார், எனக்கு எரிந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினேன். மதினியைப் பற்றி எழுதிய பக்கத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மகள் பிறந்த இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. பல நாள் நோட்டைத் திறக்கவே இல்லை. பிறகு ஒரு பிடிவாதம் வந்தது. பாவம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்றால் அதன் முகத்தைப் பார்த்துவிடலாமே. எழுதினேன். காக்கையை அவள் "மாமா" என்று கூப்பிடுவாள். சோற்றைத் தன் வாயில் வைக்குமுன் என் வாயில் திணிப்பாள். வாந்தி கண்ட காலையில் நான் செய்ததையும் ஒன்று விடாமல் எழுதினேன். கொதிக்க வைத்த தண்ணீர், உப்பு போட்ட கஞ்சி, ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியது, வண்டிக்காரனை அடிக்காத குறையாக விரட்டியது, அவள் கை என் கழுத்தை விட்டுத் தளர்ந்தது.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். வாய்விட்டு அழுதேன். எந்த வரியிலும் ஒரு கொலைகாரி இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒரு தாய்தான் இருந்தாள். அதுவரை எனக்குச் செபம் என்றால் மன்னிப்புக் கேட்பது மட்டும்தான். அன்று அடுத்த வரியில் ஆண்டவரையே கேட்டு எழுதினேன்: "எதுக்கு எடுத்துக்கிட்டீரு?" பதில் வரவில்லை. ஆனால் கேட்டபிறகு அவரோடு என்னால் பேச முடிந்தது.

தபசு காலம் முடிகிற பெரிய வாரத்துக்கு முன் கோவிலுக்குப் போனேன். மதினியும் கூடவே வந்து, பின்வரிசையில் காவல் போல முழங்காலில் இருந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில், தட்டிக்கு அந்தப்பக்கம் வயதான சாமியார். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன், மதினியை வெறுத்ததையும் சேர்த்து. கடைசியில் சொன்னேன்:

"சாமி, எம்புள்ள செத்தது என் பாவத்தாலன்னு சொல்றாக. ஆயுசு பூராவும் தேடிப் பாத்துட்டேன். அப்படி ஒண்ணு இல்ல."

"தாழ்ச்சி வேணும்மா, பெருமை கூடாது," என்றார்.

"தாழ்ச்சி இருக்கு சாமி. ஆனா செய்யாத பாவத்தச் செஞ்சேன்னு இந்தத் தொட்டியில வந்து சொன்னா, அது பொய்யில்லையா?"

அவர் தட்டிக்கு அந்தப்பக்கம் கையை உயர்த்தினார். பிறகு லத்தீனில் மன்னிப்பு மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மதினி அடுப்பை மூட்டினார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேல்ல?"

"சொல்லிட்டேன்."

"அப்ப அந்த நோட்ட இதுல போடு. மன்னிச்ச பாவத்த வீட்டுல வச்சிருக்கக் கூடாது."

அது வழக்கம்தான். பாவம் எழுதிய தாளைப் பிள்ளைகள்கூட அன்றைக்கே எரித்துவிடுவார்கள். நானும் என் பாவங்களை எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்து, என் கையாலேயே தீயில் போட்டேன். மதினி பார்த்துக்கொண்டே நின்றார்.

"மிச்சம்?"

"மிச்சத்துல பாவம் இல்ல மதினி. எம்புள்ள இருக்கா."

அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.