கண் இல்லாத டிராகன்களின் புல்வெளி

எங்கள் அறைச் சுவரில், அலுமாரிக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருந்தது. அதில் என் மூத்தவள் ராத்தா பென்சிலால் கீறிய டைனோசர்கள் பதினொன்று, நான் கீறிய டிராகன்கள் ஒன்பது. ஒன்றுக்கும் கண் கிடையாது. உருவம் கீறிய அறைக்கு வானத்து மலக்குமார் வரமாட்டார்கள் என்று உம்மா சத்தம் போட்டபோது, கண்ணை விட்டுவிட்டால் அது உருவமே இல்லை என்று பத்து வயது ராத்தா மார்க்கத் தீர்ப்புப்போல ஒரு பத்வா கொடுத்தாள். உம்மா மசியவில்லை. அலுமாரியை இழுத்துச் சுவரை மறைத்துவிட்டார்.

நாங்களா விடுவோம்! இடுக்கில் கையை நுழைத்து டிராகன் முட்டைகள்கூடக் கீறினோம். கண் தெரியாததால் அந்த வெளியில் ஒரே கூத்து. டிராகன் கக்கும் நெருப்பு வேறெங்கோ போகும். டைனோசர் கோபத்தோடு கடிக்கப் போய்த் தன் வாலையே கடித்துக்கொள்ளும். ஒன்று இன்னொன்றைத் தின்றதாகச் சரித்திரமே இல்லை. குமர்ப் பெண்களான பிறகும் அதைச் சொல்லிச் சொல்லி வயிறு நோகச் சிரிப்போம்.

ராத்தாவுக்குக் கலியாணம் வந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். ஆகவே வீடு ராத்தாவுக்காயிற்று. வாப்பா, உம்மாவோடு நான் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்குப் போனேன். யாரோ ஒரு மனிசன் ஒரு வாளி பெயின்ற் வாங்கினால் என் டிராகன்கள் அத்தனையும் அழிந்து போகும். அந்த ஆத்திரத்தில் ராத்தாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கலியாணம் முடிந்து ஐந்தாம் நாள், ராத்தா மூச்சிரைக்க ஓடி வந்து என்னை இழுத்துப் போனாள். காற்று வரட்டும் என்று அவள் மாப்பிள்ளை, என் மச்சான், அலுமாரியை நகர்த்திவிட்டாராம். போய்ப் பார்த்தால் சுவருக்கு முன்னால் குந்தியிருக்கிறார். நாவிதன்வெளியில் வயல் செய்கிறவர், அதிகம் பேசாதவர். ராத்தா பயத்தில் பத்வா முதல் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். உம்மா வாசலில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

மச்சான் நெடுநேரம் பார்த்தார்.

“கண் தெரியாட்டி இதெல்லாம் தண்ணிக்கு எப்பிடிப் போற?”

இத்தனை வருசத்தில் எங்களுக்குத் தோன்றாத கேள்வி. அவர் பென்சில் வாங்கி மூலையில் ஒரு குளம் கீறினார். அங்கிருந்து ஒரு வரம்பை இழுத்தார். அதன் வழியே எல்லாம் காலால் தடவித் தடவிக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். வரம்பு நேரே என் டிராகன் முட்டைகளுக்குள்ளால் போனது.

அதுவரை அவரோடு ஒரு வார்த்தை கதைக்காதவள் நான்.

“மச்சான், அது முட்டை. வளைச்சுப் போடுங்க.”

“ஓம், நான் காணல்ல,” என்று விரலில் எச்சில் தொட்டு அழித்தார். வளைத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு பென்சிலை என்னிடம் நீட்டி, குளத்துக்குள் என்ன மீன் விடுவோம் என்று கேட்டார்.