பெயருக்கு வந்த அழைப்பு

கறுப்பு ரிசீவர் மேசைமேல் கிடந்தது. அதன் அடியில் நான்காக மடித்த துண்டு. கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றின் டைம் ஆபீஸில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. அங்கே தொலைபேசியைப் பார்த்துக்கொண்டவரைப் போர்டு அக்கா என்போம். ரிசீவர் அப்படிக் கிடந்தால் பி.பி. கால் என்று அர்த்தம். பர்ட்டிகுலர் பர்சன் என்பதன் சுருக்கம். வெளியூரிலிருந்து டிரங்க் கால் பதியும்போதே இன்னாரிடம்தான் பேச வேண்டும் என்று பெயர் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆள் வந்து பேசத் தொடங்கிய பிறகே கட்டண நேரம் ஓடும். பிற்காலத்தில் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து அதன்பின் பி.பி. என்று எழுதினார்களே, நான் சொல்வது அதற்கும் முந்தியது.

அன்று வந்த பெயர் ஏழுமலை. உலைத் தொழிலாளி. அவர் மனைவி திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் முந்தின நாளிலிருந்து பிரசவ வலியில் இருந்தார். தாயும் பிள்ளையும் தேறுவார்களா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. உலைக்கு மாற்று ஆள் கிடைக்காததால் இவர் வேலைக்கு வந்திருந்தார். மறுமுனையில் மாமியார் அவசரத்தில் சேதியைக் கொட்டிவிட்டார் போலும். "என்னாண்ட சொல்லிட்டியேம்மா. சரி இரு, அவரு வரட்டும்" என்று ரிசீவரைத் துண்டின்மேல் வைத்த அக்கா, ஷெட்டுக்கு ஆள் அனுப்பினார்.

"இன்னாக்கா ஆச்சு?" என்று சூழ்ந்துகொண்டோம்.

"உன் பேருக்கா கால் வந்துகீது? போய் வேலையப் பாரு."

ஏழுமலை ஓடிவந்து, வாசலில் நின்று அக்காவின் முகத்தில் சேதியைத் தேடினார். அக்கா ரிசீவரைக் காட்டினார். ஏழுமலை அதை எடுத்தார். "ரெண்டு பேரும் நல்லா கீறாங்களா?" என்று கேட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பொண்ணுக்கா" என்றார். அதன் பிறகுதான் அக்கா சிரித்தார். "சேதி அவனுது தம்பி. நாம முந்திக்கக் கூடாது" என்றார் என்னிடம்.

அன்று பிறந்த அந்தப் பெண் இன்று எங்கள் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். உள்ளே செல்போன் கூடாது. கேட்டில் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். சென்ற வாரம் ஏழுமலைக்கு இதய அறுவை சிகிச்சை. மூன்றாம் நாள் மாற்று ஆள் கிடைக்காமல், தகப்பனைப் போலவே, வேலைக்கு வந்திருந்தாள். மேசைமேல் இருந்த அவள் செல்போன் அடித்தது. திரையில் 'நைனா'. அவள் அப்பாவின் எண். அந்த எண்ணிலிருந்து வேறு யார் குரல் வருமோ என்ற பயத்தோடு எடுத்தேன்.

"யாரு, டைம் ஆபீஸ் சாரா? பாப்பா எங்க?" மெலிந்திருந்தாலும் அவர் குரல்தான்.

"இப்ப எப்படி இருக்கு ஏழுமலை?"

"அத அவளாண்டதான் சொல்லுவேன். பி.பி. கால்னு வெச்சுக்க சார்."

சோதனைக்கூடத்துக்கு ஆள் அனுப்பினேன். கைக்குட்டையை நான்காக மடித்து, அதன்மேல் செல்போனை வைத்தேன். அவள் ஓடிவந்து, வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு செல்போனைக் காட்டினேன்.