ஊசி போட்ட மீனுக்குத் தண்ணீர்

என் ஆராய்ச்சி முழுக்க ஒரே கேள்விதான். வளர்ப்பு மீனுக்குத் தடுப்பூசி போட்டால் அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஏறும்? மீன், சந்தையில் ஜிலேபி என்று கூறு போட்டு விற்கிறார்களே, அந்தத் திலேப்பியா. இடம், வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியின் பின்கட்டு. சொந்தக்காரர்களிடம் மீனுக்கு ஊசி போடுகிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு சித்தப்பா மட்டும், "எங்கே போடுவே, செதில்லயா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. மண்ணூர்பேட்டையிலிருந்து பஸ் மாறி வருவார். தீனி போடுவதும், தினமும் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மீனை மயக்கி வயிற்றில் நான் ஊசி ஏற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். முடிந்ததும், "ஆச்சு ஆச்சு, ஒண்ணியும் இல்ல கண்ணு" என்று மீனைச் சமாதானப்படுத்தித் தொட்டியில் விடுவார். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முதல் ஊசி. இரண்டு வாரம் கழித்து, இன்னொரு வெள்ளியில் மறு ஊசி. பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால், தடுப்பூசி போட்ட மீனுக்கும் வெறும் உப்புநீர் ஊசி போட்ட மீனுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. என் கையைச் சந்தேகப்பட்டேன், மருந்தைச் சந்தேகப்பட்டேன், குளிர்பெட்டியைத் திட்டித் தீர்த்தேன். திங்கட்கிழமைதோறும் நான் பார்க்கும் தண்ணீர்ச் சோதனையிலும் கோளாறு இல்லை.

"மருந்து இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. அதுவும் இப்படியே போச்சுன்னா தலைப்பையே மாத்திடலாம்" என்றார் என் பேராசிரியர். மூன்று வருஷ உழைப்பு. ஆவடி வீட்டுக்குப் போகிற வழி முழுக்க பஸ்ஸில் அழுதேன்.

அடுத்த வாரம் என் மகளுக்குத் தடுப்பூசி. மறுநாள் மதியம் சாப்பிடும்போது, ஒரே கசகசப்பு என்று முந்தின சாயங்காலமே அவளைக் குளிப்பாட்டிவிட்டதாக அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான், சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"ஊசி போட்ட அன்னிக்கே தண்ணி ஊத்துனியா? இன்னாமா நீ! நம்ம மீனுக்கே நான் தண்ணி மாத்தாம பொத்திப் பொத்திப் பாத்துகினேன். திங்கக்கெழம விடிகாலைல, நீ வர்றதுக்கு முன்னாலதான் புதுத் தண்ணி உட்டேன்."

"ரெண்டு தடவையுமா அக்கா?"

"பின்ன? ஊசின்னா ஊசிதானே."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மீனின் கழிவெல்லாம் அது நீந்துகிற தண்ணீரில்தான். நாள்கணக்கில் மாற்றாமல் விட்டால் அம்மோனியா ஏறும். அந்த அவஸ்தையில் மீன் மூச்சு விடப் பார்க்குமா, எதிர்ப்புச் சக்தி உண்டாக்குமா? கோபம் வந்தால் யார் எவர் என்று நான் பார்க்க மாட்டேன். அன்றும் வாய் வரை வந்தது. ஆனால் அக்கா பெருமை பொங்க நின்றுகொண்டிருந்தார். ஏதாவது ஒன்று சோர்ந்து ஒதுங்குகிறதா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தொட்டியோரம் உட்கார்ந்திருந்தாராம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போனேன்.

பேராசிரியரிடம் மறைக்க முடியுமா? சொன்னேன். "முதல்ல ஆளை மாத்து" என்றார்.

"தப்பு என்னுது சார். ஊசிக்கு அப்புறம் என்ன செய்யணும்னு நான் அவங்ககிட்ட சொல்லவே இல்லை."

"அப்போ ஆய்வேட்டுல அப்படியே எழுது."

எழுதினேன். அக்காவிடம் மட்டும் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டார். "இந்தத் தடவை ஊசி போட்டாலும் தினமும் தண்ணி மாத்தணும்க்கா" என்றேன். மனசே இல்லாமல், "வெதவெதன்னாவது ஊத்தட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சனி, ஞாயிறு நானும் வந்து கூடவே நின்றேன். இந்த முறை ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நன்றாகவே ஏறியிருந்தது.

வாய்மொழித் தேர்வன்று, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஆய்வேட்டில் என் தப்பை எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்தார். தண்ணீரை மாற்றச் சொல்ல வேண்டும் என்பதுகூடவா தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார். சரியாக அப்போதுதான் அக்கா டீத் தட்டோடு உள்ளே வந்தார். பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது.

"தெரியலை சார்" என்றேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தேன். அக்கா வாசலிலேயே கண் கலங்கி நின்றார். பாஸாகிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தால், அவர் விடவில்லை.

"அத்தினி பேரு முன்னால தெர்லன்னு சொல்லிட்டியேமா! மீனப் பத்தி உனக்குத் தெரியாதது ஒண்ணு கீதா? என்னை ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? அங்கயேதானே நின்னுகினு இருந்தேன், நான் சொல்லியிருப்பேன்ல."