கரடியூர் பஸ் வந்த நேரம்

என் வீட்டுக்காரர் சூசைமாணிக்கத்துக்குக் கோபம் வராது, குரல் உயராது, யார் வம்புக்கும் போகமாட்டார். ஏற்காட்டில் எல்லோரும் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். அது எங்கே கறுத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

1991-ல் அவர் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். தினமும் பஸ்ஸில் மலை இறங்கி ஏறுவார். அங்கே டாக்டர் தேவகுமாரி பக்கவாதத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் அந்த இடம் மட்டும் சாவதில்லையாம். முள் குத்திய விரல் மாதிரி சுற்றிலும் அழன்று வீங்கி, நல்ல பாகத்தையும் கெடுக்குமாம். அந்த அழற்சியை அடக்க ஒரு புது மருந்தைச் சோதித்தார்கள். விழுந்து ஆறு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குத்தான் அது.

எங்கள் மலைக்காரர்களிடம் மணி கேட்டால், எஸ்டேட் சங்கு ஊதினப்போ, பஸ் வந்தப்போ என்பார்கள். டாக்டருக்கு ஒன்றும் பிடிபடாது. இவர்தான் அதை மணியாக்கி ஃபாரத்தில் எழுதுவார். எந்தப் பஸ் எந்த ஊருக்கு எப்போது வரும் என்பது இவருக்கு அத்துப்படி. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐப்பசி மழையில் ஒருநாள், எங்கள் மலையிலேயே கரடியூரிலிருந்து குப்பாயி என்பவள் தன் புருஷன் ஐயாக்கண்ணுவை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தாள். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. மணி பன்னிரண்டரை. காலையில் முதல் பஸ் ஹாரன் அடித்தபோது சாய்ந்தார் என்றாள். இவர் யோசிக்கவே இல்லை, ஆறு என்று எழுதினார். ஆக, அரை மணி தாண்டிவிட்டது, மருந்து கிடையாது. அழுதுகொண்டு நின்றவளிடம், ஓர் அரை மணி முன்னால் வந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று வேறு சொல்லிவைத்தார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது கண்டக்டர் பேச்சுவாக்கில் சொன்னார்: காலையில் கரடியூர் ரோட்டில் மரம் விழுந்து, அங்கே முதல் பஸ் ஒன்பது மணிக்குத்தான் போய்ச் சேர்ந்ததாம். வேறு யாராவது ஃபாரம் எழுதியிருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! வேலை போய்விடும் என்ற பயத்தில் என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்று வருஷம் கழித்து, கடைவீதியில் கொய்யாப்பழம் விற்ற குப்பாயியிடம் பழம் வாங்கினேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது, அவள் யாரென்று எனக்கும் அப்போது தெரியாது. பேச்சுவாக்கில் தன் கதையைச் சொன்னாள். புருஷன் சாய்ந்ததும் பக்கத்து வீட்டுப் புறாவைப் பிடித்து அறுத்து, சூடு ஆறுவதற்குள் ரத்தத்தை அவர் கையில் தேய்த்தாளாம். வாதம் அடித்தால் அங்கே முதலில் அதைத்தான் செய்வார்கள். அதற்கு அரை மணி ஆயிற்றாம்.

"அந்த அரை மணிதானுங்க என்ர புருசனைத் தின்னுருச்சு," என்றாள். "ஆஸ்பத்திரில அப்படிச் சொன்னது அவரு காதுலயும் உளுந்துருச்சு. அன்னையிலிருந்து என் கையால கஞ்சி குடிக்கறதில்லீங்க. இடது கையால தட்டி உட்டுருவாரு. மருமகதான் ஊட்டி உடறா."

ஆஸ்பத்திரிக் கதையாயிற்றே என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்து, அன்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னார். போய்ச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த வாரம் என்றார். அப்புறம் அடுத்த மாசம். நானும் விட்டுவிட்டேன். அந்தச் சம்பளத்தில் என் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

1996 பங்குனியில் ஆராய்ச்சி முடிந்தது. மருந்து வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையாம். அன்றைக்கு இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கொடுத்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றார், திரும்பத் திரும்ப. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு ஆச்சு. அவளுக்கு யார் சொல்றது?" என்று கேட்டு, மறுநாளே கரடியூருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

குப்பாயி வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவர் நின்றபடியே சொன்னார்: மரம் விழுந்தது, பஸ் ஒன்பது மணிக்கு வந்தது, தான் ஆறு என்று எழுதியது. மருந்தும் வேலைக்கு ஆகாத மருந்து என்றார்.

"நீங்க நேரத்துக்குத்தான் வந்தீங்கம்மா. தப்பு என்னுது."

அவள் கை நிற்கவில்லை. மிளகைப் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

"அவரு தை மாசம் போயிட்டாருங்க," என்றாள். "கடைசி நாளுங்கூட என் கையத் தட்டி உட்டுட்டுத்தான் போனாரு. ஒரு ரெண்டு மாசம் முந்தி வந்து, இதை அவரு காதுல சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"