மதினி திருத்திய எகிப்து

போன வாரம் என் மதினி ஒரே மத்தியானத்தில் எகிப்து மன்னர்கள் பதினெட்டுப் பேரின் வாழ்க்கையைத் தலைகீழாக்கிவிட்டார். பாஸ்வேர்டு கொடுத்தது நான்தான்.

விஷயம் இதுதான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில், பண்டைய எகிப்து பற்றிய தமிழ்க் கட்டுரைகளை மேம்படுத்துவது என் பொழுதுபோக்கு. விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு எகிப்து எதற்கு என்று கேட்காதீர்கள்... என் அண்ணனே கேட்டு ஓய்ந்துவிட்டார்.

அண்ணன் மனைவிதான் மதினி. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிறார். அமாவாசை ஒரு கட்டம் தள்ளி விழுந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இப்படி ஒரு கண்ணைச் சும்மா விடலாமா? கட்டுரைகளைப் பார்த்துத் திருத்தச் சொல்லிவிட்டு, கோவில்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை என் கணக்குக்கு எச்சரிக்கை! மன்னர்களின் ஆண்டுகளைக் குலைத்திருக்கிறீர்கள், இன்னொரு முறை செய்தால் கணக்கு முடக்கப்படும் என்று கலைக்களஞ்சிய நிர்வாகி ஒருவர் எழுதியிருந்தார். பதறிப்போய் மதினிக்கு போன் போட்டேன்.

“ஆமா கொழுந்தனாரே, நான்தான் மாத்துனேன். பட்டத்துக்கு வந்த வருசம் பெருசா இருக்கு, செத்த வருசம் சின்னதா இருக்கு. செத்த பெறகு எப்படி ஆளுவாக?”

கி.மு.வில் வருஷம் இறங்குமுகமாகத்தானே போகும்? அடுத்த வருஷத்தை இந்த வருஷமே அச்சடிக்கிற ஊர்க்காரர் — ஆண்டு என்றால் ஏறத்தான் செய்யும் என்று அவர் கை முடிவு செய்துவிட்டது. விளக்கினேன். எனக்குச் சிரிப்பு, அவருக்கோ அவமானம். இருபது வருஷமாக அவர் கை பட்ட தாளில் ஒரு தேதி தப்பாகப் போனதில்லை. அந்தப் பெயர் அல்லவா போயிற்று!

“தப்பு என்னோடதுன்னு அவுகளுக்கு எழுதிருங்க,” என்றார் கடைசியில். எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக்குப் போனேன். மதினி பதினெட்டு மன்னர்களையும் ஒவ்வொருவராகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். என்னை ஓர் எழுத்தைத் தொடவிடவில்லை. முடித்த பிறகும் எழுந்திருக்காமல், எகிப்தியர் காலண்டர் பற்றிய கட்டுரையைத் திறந்தார். மாதத்துக்கு முப்பது நாள், பன்னிரண்டு மாதம், மொத்தம் 365 நாள் என்று இருந்தது. நான் எத்தனையோ தடவை படித்த வரி.

“மிச்சம் அஞ்சு நாளு எங்கன போச்சு?”

தேடினோம். வருஷக் கடைசியில் ஐந்து நாளை எந்த மாதத்திலும் சேர்க்காமல் தனியே வைத்து, ஐந்து தெய்வங்களின் பிறந்தநாள் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையில் அது விட்டுப்போயிருந்தது. மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தக் காலண்டருக்குப் பதிமூன்று தாள் வேண்டும் என்று சிரித்துக்கொண்டே, ஆதாரத்தோடு சேர்த்தார்.

திங்கட்கிழமை அதே நிர்வாகி எழுதினார். இத்தனை காலம் எங்கள் யார் கண்ணிலும் படாததைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், பாராட்டுகள்! கணக்கு என்னுடையது, அதனால் பாராட்டும் என் பெயருக்கே வந்தது. நான்கு தடவை படித்தேன். பிறகுதான், கண்டுபிடித்தது என் மதினி என்று பதில் போட்டேன். உடனே மதினியின் பெயருக்கே தனியாக ஒரு நன்றி வந்தது. அதைக் கம்பெனியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம். எனக்கும் சந்தோஷம்தான், பொய்யில்லை.

தப்பை ஒப்புக்கொள்ளத் தைரியம் வேண்டும் என்பார்கள். தவறி நம் கைக்கு வந்த பாராட்டைத் திருப்பிக் கொடுக்க அதைவிட அதிகம் வேண்டும் போலிருக்கிறது. மதினி ‘என் தப்பு’ என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆனது. ‘கண்டுபிடித்தது நானில்லை’ என்று சொல்ல எனக்கு அரை நாள்.

அந்த அரை நாள் கதை இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியப்போகிறது... தீபாவளி வரை சிவகாசிப் பக்கம் தலைகாட்டுவதாக இல்லை.